மரப்பலகை ஓவியத்த ஃப்ரேமுல மாட்டறது எப்படி? மலைக் குளிருக்கு ஏத்த முறை

வணக்கம்ங்க. இன்னிக்கு மேசை மேல இருக்கறது ஒரு பலகை ஓவியம். அகலம் 40 சென்டிமீட்டர், உயரம் 50, கனம் 12 மில்லிமீட்டர். கான்வாஸ் இல்ல, முழு மரம். ரேகை மேலருந்து கீழா ஓடுது. இத மொதல்ல பாத்துக்கங்க, மத்த வேலையெல்லாம் இத வச்சுத்தான்.

மரம் ரேகை ஓடுற நீளவாக்குல பெருசா அசையாது. குறுக்குவாக்குலதான் ஊதும், சுருங்கும். தேக்குல கூட, உள்ள ஈரம் 1 சதவீதம் ஏறினா குறுக்குல ஏறக்குறைய 0.2 சதவீதம் விரியும். காத்துல ஈரப்பதம் 50 சதவீதமா இருந்தா மரத்துக்குள்ள ஈரம் சுமார் 9. அதுவே 80-ல நின்னா 16 கிட்ட போயிடும். கணக்குப் போடுங்க, இந்தப் பலகை 5 மில்லிமீட்டருக்கு மேல அகலமாகும். ஊட்டியில ஜனவரி உறைபனிக் காலத்துல கச்சிதமா பொருத்தின படம் ஜூலை மழையில ஃப்ரேம முட்டும். குன்னூர், கோத்தகிரி பக்கம்னா அக்டோபர், நவம்பர்ல முட்டும்.

அதனால ரெண்டு பக்கமும் 3 மில்லிமீட்டர் இடம் விடுங்க. மேல 2 போதும். ஃப்ரேமோட முன் விளிம்பு படத்த 6 மில்லிமீட்டராவது மூடணும், இல்லன்னா சந்து வெளிய தெரியும். ரிபேட்டு, அதாவது படம் உக்காரறதுக்கு ஃப்ரேமுக்குப் பின்னாடி உள்விளிம்புல வெட்டின படி, பத்தலன்னா ஃப்ரேமத்தான் செதுக்கணும், பலகைய இல்ல. ரேகை குறுக்கா ஓடுற படமா இருந்தா? படம் கீழதானே உக்காரும், அப்ப மொத்த இடத்தையும் மேலயே விடணும். இங்கதான் நெறய பேர் தப்பு பண்றாங்க.

ரிபேட்டு உள்ள பாலியஸ்டர் ஃபெல்ட் ஒட்டுங்க. கம்பளி ஃபெல்ட் வேண்டாம், பூச்சி வரும். அடியில நடுவ ஒட்டி ரெண்டு வழவழப்பான பிளாஸ்டிக் துண்டு வச்சு, அது மேல பலகைய நிறுத்துங்க.

இப்ப பிடிப்பு. 12 மில்லிமீட்டர் அகலப் பித்தளைத் தகட்ட படிக்கட்டு மாதிரி வளைச்சிருக்கேன். படத்தத் தொடற பக்கம் 3 மில்லிமீட்டர் கார்க். ஸ்க்ரூ ஃப்ரேமுல மட்டும், பலகையில ஒரு ஓட்டை கூட கூடாது. மேல ரெண்டு, கீழ ரெண்டு, நாலுமே நடு மூணுல ஒரு பங்குக்குள்ள. மூலையில போடாதீங்க. வர்ணம் பூசின முன்பக்கம் ஈரத்த மெதுவாத்தான் வாங்கும், பின்பக்கம் உடனே குடிக்கும். பின்பக்கம் ஊதினா பலகை முன்னாடி குழியும். மூலைய இறுக்கிட்டா வளைய வழியில்லாம பலகை பொளக்கும், வர்ணம் தூக்கும்.

இரும்பு ஸ்க்ரூ இந்த மூடுபனியில துருப்பிடிக்கும். பித்தளைன்னா தலை முறியும். மொதல்ல ஓட்டை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்க்ரூவ ஒரு தடவ ஏத்தி எடுத்துட்டு, அப்புறம் மெழுகு தடவின பித்தளைய ஏத்துங்க. கார்க்குக்கும் பலகைக்கும் நடுவுல தபால் அட்டை லேசா உரசிக்கிட்டு நுழையணும், அதான் அளவு. சுத்தியல் ஆணி, சிலிக்கான், பசை எதுவும் பலகை கிட்ட வரக்கூடாது.

ஏற்கெனவே வளைஞ்ச பலகையா? அமுக்கி நேராக்காதீங்க. வளைவ தாள்ல வரைஞ்சு, அதே வடிவத்துல கார்க் வெட்டி, மேலயும் கீழயும் ரிபேட்டுல ஒட்டிட்டா படம் அதுல அப்படியே படுத்துக்கும்.

தஞ்சாவூர் படம்னா கதை வேற. இப்ப வர்றது பெரும்பாலும் பிளைவுட், அவ்வளவா அசையாது. ஆனா கல்லும் சுண்ணப் புடைப்பும் இருக்கே, கண்ணாடி அதத் தொடக்கூடாது. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவுல, புடைப்ப விட உயரமா ஒரு பீடிங், அதாவது மெல்லிசான சட்டம், ஓட்டுங்க. கண்ணாடி படத்துல ஒட்டிக்கிட்டு இருந்தா ஈரம் தங்கிப் பூஞ்சை புடிக்கும். பழசுல பலாப்பலகையும் உண்டு, அதுக்கு மேல சொன்ன முறைதான்.

கடைசியா பின்னாடி 4 மில்லிமீட்டர் பிளைவுட் மூடி, ஸ்க்ரூவுலயே. ஃப்ரேமோட கீழ் மூலையில ரெண்டு கார்க் துண்டு ஒட்டினா சுவருக்கும் படத்துக்கும் நடுவுல காத்து போகும். பழைய பங்களாவுல கணப்படுப்பு மேல மாட்டற பழக்கம் இருக்கு, பாக்க அழகுதான், பலகைக்கு அதவிட மோசமான இடம் இல்ல.

மழை வலுத்ததும் ஒரு தடவ மூடியக் கழட்டி அந்தத் தபால் அட்டைய விட்டுப் பாருங்க. நுழையலன்னா ஸ்க்ரூவ அரைச் சுத்து தளத்துங்க.