பணம் எங்கே தடைபடுகிறது: படிக்கும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான உதவித்தொகைகள்

அண்ணாச்சிமார்களே, தாய்மார்களே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

காது கேளாத பிள்ளைகளுக்கும் பார்வை இல்லாத பிள்ளைகளுக்கும் நூறு வருசத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடம் நடக்கிற ஊர் பாளையங்கோட்டை. படிக்க வைப்பது நமக்குப் புதிதில்லை. ஆனால் படிக்கிற பிள்ளைக்கு வர வேண்டிய பணம் பாதி வழியில் நின்றுபோகிறது. திட்டம் இல்லாமல் நிற்பதைவிட, ஒரு காகிதம் இன்னொரு காகிதத்தோடு ஒத்துப்போகாமல் நிற்பதுதான் அதிகம். அதனால் தொகையைப் பற்றிப் பேசுமுன் காகிதத்தைப் பேசிவிடுவோம்.

முதல் காகிதம் யூடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. அநேகமாக எல்லா உதவிக்கும் 40 சதவீதக் குறைபாடுதான் வாசற்படி. இ-சேவை மையத்தில் பதிந்துவிட்டு, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி போன்ற அரசு மருத்துவமனையில் மருத்துவர்கள் பரிசோதித்த பிறகுதான் சதவீதம் எழுதுவார்கள். அட்டை கைக்கு வந்ததும் சதவீதத்தைப் பார்த்துவிட்டு பீரோவில் வைத்துவிடுகிறோம். எதுவரை செல்லும் என்ற தேதியையும் பாருங்கள். வளருகிற பிள்ளைகளுக்குப் பல சமயம் தற்காலிகச் சான்றுதான் தருவார்கள். பத்தாம் வகுப்பு நடுவில் அது காலாவதியானால் அந்த வருசத்து விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும். ஆறு மாதம் முன்னாலேயே மறுபரிசோதனைக்குப் போய்விடுங்கள். ஒன்று, தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்துக்காரர்கள் பழைய ஞாபகத்தில் நெல்லைக்கு வந்து அலைய வேண்டாம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆகிவிட்டது. உங்கள் மனுவெல்லாம் அங்கேதான்.

இரண்டாவது, பெயர். நம்ம ஊர் இனிஷியல் இருக்கிறதே, அதுதான் பெரிய வில்லங்கம். பள்ளிச் சான்றில் 'எஸ். இசக்கிமுத்து', ஆதாரில் 'இசக்கிமுத்து எஸ்', பாஸ்புக்கில் 'இசக்கிமுத்து சுடலைமுத்து' என்று இருந்தால் கம்ப்யூட்டருக்கு அது மூன்று ஆள். எட்டாம் வகுப்பிலேயே எல்லாவற்றையும் பள்ளிச் சான்றில் உள்ளபடி ஒன்றாக்கிவிடுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று அச்சாகி வந்த பிறகு திருத்துவது நாய்படாத பாடு.

மூன்றாவது, ஆதார். பிள்ளைக்கு 15 வயது ஆனதும் கைரேகை, கண் கருவிழி இரண்டையும் மறுபடி பதிய வேண்டும். இது கட்டாயம். பதியாமல் விட்டால் வங்கியிலும் இணையதளத்திலும் சரிபார்ப்பு தோற்கும். மூளை முடக்குவாதத்தால் விரல் விரியாத பிள்ளைக்கு ரேகை எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பினால் திரும்பி வராதீர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு விதிவிலக்காகப் பதிவதற்கு ஆதாரிலேயே வழி இருக்கிறது. அதைக் கேட்டுப் பதிய வையுங்கள்.

அரசுப் பணம் இப்போது ஆதார் வழியாகத்தான் கணக்கைத் தேடி வருகிறது. எந்தக் கணக்கை ஆதாரோடு கடைசியாக இணைத்தீர்களோ, அதில் போய் விழும். வங்கியில் ஒன்று, தபால் நிலையத்தில் ஒன்று என்று திறந்திருந்தால், 'பணம் வரவில்லை' என்று நீங்கள் தவிக்கிற நேரத்தில் அது மற்ற கணக்கில் கிடக்கும். பிள்ளைக்கு ஒரே கணக்கு போதும்.

இனி தொகைக்கு வருவோம். மாநில அரசின் கல்வி உதவித்தொகை 6 முதல் 8ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு ரூ.6,000, 9 முதல் 12 வரை ரூ.8,000, பட்டப்படிப்புக்கு ரூ.12,000. ஒன்பதாம் வகுப்புக்கு மேலே முந்தைய தேர்வில் 40 சதவீத மதிப்பெண் கேட்பார்கள். பார்வை இல்லாத பிள்ளைக்கு 9 முதல் 12 வரை பாடம் வாசித்துக் காட்டுகிறவருக்கான வாசிப்பாளர் உதவித்தொகை ஆண்டுக்கு ரூ.3,000 தனியாக உண்டு. தலைமையாசிரியர் கையெழுத்து, அட்டை நகல், மதிப்பெண் பட்டியல், பாஸ்புக் முதல் பக்கம், இவற்றோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போகும் விண்ணப்பம் அது.

மத்திய அரசு உதவித்தொகை தேசிய உதவித்தொகை இணையதளம் வழியாக வருவது. பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து போய்வரும் 9, 10ஆம் வகுப்புப் பிள்ளைக்கு மாதம் ரூ.500, விடுதிப் பிள்ளைக்கு ரூ.800. புத்தகத்துக்கு ஆண்டுக்கு ரூ.1,000. இவற்றோடு கூடுதலாக ஆண்டுக்கு, பார்வைக் குறைபாடு, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ரூ.4,000, மற்றவர்களுக்கு ரூ.2,000. பதினொன்று, பன்னிரண்டில் மாதம் ரூ.550, விடுதிக்கு ரூ.900, புத்தகத்துக்கு ரூ.1,500.

இரண்டு உதவித்தொகையையும் சேர்த்து வாங்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் கால் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு 12 மாதம் கணக்கிட்டால் மத்தியத் தொகை ரூ.9,000, மாநிலத் தொகை ரூ.8,000. ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம். மத்தியத் திட்டத்தில் எத்தனை பேருக்கு என்று வரம்பும் உண்டு. எங்களைக் கேட்டால், வீட்டிலிருந்து போய்வரும் பிள்ளைக்கு மாநிலத் தொகை நிம்மதி. விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்கு மத்தியத் தொகைக்கு முயலலாம்.

இணையதளத்தில் விண்ணப்பித்த பிறகு பள்ளியின் பொறுப்பு ஆசிரியர் சரிபார்த்தால்தான் அது மாவட்டத்துக்கு நகரும். அங்கேதான் நிறைய விண்ணப்பம் கடைசித் தேதி வரை தூங்குகிறது. ஆசிரியப் பெருமக்கள் கோபப்படக் கூடாது. ஒன்பதிலிருந்து பத்துக்குப் போகும்போது புதுப்பித்தால் போதும். பத்திலிருந்து பதினொன்றுக்கு வேறு திட்டம் என்பதால் புதிதாகவே விண்ணப்பிக்க வேண்டும். அங்கேயும் 'புதுப்பித்தல்' பக்கத்தைத் தேடிக்கொண்டு தேதியை விட்டுவிடுகிறார்கள்.

பராமரிப்பு உதவித்தொகை வேறு. 2023 ஜனவரியிலிருந்து மாதம் ரூ.2,000. அறிவுசார் குறைபாட்டுக்கும் தசைச்சிதைவு நோய்க்கும் 40 சதவீதம், கடும் பாதிப்பு என்ற பிரிவுக்கு 75 சதவீதம் வேண்டும். இதை வாங்குகிறவர்கள் வாழ்நாள் சான்றைக் கேட்கும்போது கொடுக்கத் தவறினால் தொகை நின்றுவிடும்.

பெண் பிள்ளைகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாதம் ரூ.200 வீதம் பத்து மாதம் உண்டு. சின்னத் தொகை என்று விட்டுவிடாதீர்கள், வட்டார வள மையத்தில் கேளுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பிள்ளையும் துணைக்கு ஒருவரும் இலவசமாகப் போகலாம்.

பன்னிரண்டு முடிந்து கல்லூரிக்குப் போனால் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடமும் வயதில் 5 ஆண்டுத் தளர்வும் சட்டப்படி உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் பெண்ணுக்குப் புதுமைப்பெண், பையனுக்குத் தமிழ்ப்புதல்வன், மாதம் ரூ.1,000. வேறு உதவித்தொகை வாங்குகிறாள் என்பதற்காகப் புதுமைப்பெண்ணை மறுக்க முடியாது.

பதினெட்டு வயதில் இரண்டு விஷயம் மாறுகிறது. பிள்ளையின் மைனர் கணக்கை மேஜர் கணக்காக மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பணம் எடுக்க முடியாது. கண் தெரியாத பிள்ளைக்குக் காப்பாளர் கொண்டுவா என்று வங்கியில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவன் கணக்கை அவனே நடத்தலாம், காசோலைப் புத்தகமும் ஏடிஎம் அட்டையும் கேட்டு வாங்கலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு, இந்த நான்குக்குத்தான் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கும். அதுவும் தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும். பிறந்தநாள் வரும் வரை காத்திராமல் காகிதங்களைச் சேர்த்து வையுங்கள்.

இன்னொன்று, 18 ஆனதும் 'தாலுகா ஆபீஸில் பென்ஷன் போடலாமே' என்று யாராவது சொல்வார்கள். வருவாய்த் துறை ஓய்வூதியம் மாதம் ரூ.1,500. பராமரிப்புத் தொகையான ரூ.2,000 வாங்குகிற பிள்ளை அதற்குப் போனால் இரண்டும் சேர்ந்து கிடைக்காது, ரூ.500 நஷ்டம்தான் மிஞ்சும்.

எங்கேயாவது விண்ணப்பம் அசையாமல் கிடந்தால் திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் எழுத்தாக மனுக் கொடுங்கள். வாயால் சொன்னால் பதிவே ஆகாது. மனு எண் போட்ட ரசீதை வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.