பஸ் வந்தால் கல்யாணம் நிற்கும்

(குழந்தைகள் உரிமை நாளில் தேன்கனிக்கோட்டையில் பேசியது)

மாவட்டச் சமூக நல அலுவலர் அம்மா அவர்களே, வட்டாட்சியர் ஐயா அவர்களே, ஊராட்சித் தலைவர்களே, வேலையை விட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். அலுவலர் அம்மாவுக்கு இன்னும் இரண்டு கூட்டம் இருக்கிறது, ஆனாலும் உட்கார்ந்து கேட்கிறார், அதற்குத் தனியாக ஒரு நன்றி. பந்தல் போட்டுக் கொடுத்த வணிகர்களுக்கும் நன்றி.

குழந்தைத் தொழிலாளர் சட்டம், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டம், குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், இந்த மூன்றைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சரி, நான் கல்யாணத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதைத்தான் செய்கிறது. பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 ஆகாமல் கல்யாணம் செய்து வைத்தால் 2 வருஷம் வரை ஜெயில், 1 லட்சம் வரை அபராதம் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் 13ஆவது பிரிவு தெரியாது. கல்யாணம் நடக்கப்போகிறது என்று தெரிந்தாலே நீதித்துறை நடுவர் தடை உத்தரவு போடலாம், அதை மீறித் தாலி கட்டினால் அந்தக் கல்யாணமே செல்லாது. குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஒரு போன் போதும்.

அப்படித்தான் அஞ்செட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். வாழைமரம் கட்டியாகிவிட்டது, ஒலிபெருக்கியில் பாட்டு ஓடுகிறது, ராகிக் களிக்கு அடுப்பில் உலை கொதிக்கிறது. பொண்ணு எட்டாவது முடித்தவள், மஞ்சள் பூசிய கையோடு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். போலீஸைப் பார்த்ததும் மாப்பிள்ளை வீட்டார் வண்டியேறிவிட்டார்கள், அப்பாக்காரர் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பெண்ணின் ஆயாதான் என் முன்னால் வந்து நின்றார். "வாத்தியாரே, எட்டாவதுக்கு மேல இங்க பள்ளிக்கூடம் ஏது? காட்டு வழியா ஆறு கிலோமீட்டர் நடக்கணும். ராகி அறுப்புன்னா யானை எறங்குது. வயசுக்கு வந்த புள்ளைய ஒத்தையில அனுப்பிட்டு நான் வாசல்லயே உக்காந்திருக்கவா? நீ பஸ் விடு, நானே கல்யாணத்த நிறுத்தறேன்" என்றார். கூட வந்த அதிகாரிகள் யாருக்கும் பதில் வரவில்லை, எனக்கும் வரவில்லை. கல்யாணம் நின்றது, எழுதி வாங்கிக்கொண்டு வந்தோம். ஆனால் அந்த ஊருக்கு இன்றுவரை காலை பஸ் வரவில்லை.

அதனால்தான் போகிற இடமெல்லாம் இதையே பேசுகிறேன். 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் காக்கிறது. கல்யாணச் சட்டமோ 18 வரை காத்திரு என்கிறது. நடுவில் அந்த நாலு வருஷம் பிள்ளை எங்கே போவாள்? பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலையில், பிள்ளை ஊரில் தனியாக. இலவச பஸ் பாஸ் கொடுக்கிறோம், நல்ல திட்டம்தான், ஆனால் அந்தப் பாஸைக் காட்டி ஏற ஒரு பஸ் வேண்டாமா? கல்யாணத்தன்று ஜீப்பில் போய் நிறுத்துவது வெள்ளம் வந்த பிறகு மணல் மூட்டை அடுக்குகிற வேலை. வெள்ளம் வருமுன் அணை போடுங்கள் ஐயா, அந்த அணை காலை எட்டு மணிக்கு வருகிற பஸ்.

வட்டாட்சியர் ஐயா முன்னாலேயே கேட்கிறேன், எட்டாவதோடு பள்ளி முடிகிற மலைக்கிராமங்களைக் கணக்கெடுங்கள், பள்ளி நேரத்துக்குப் பஸ் விடுங்கள், அதுவரை விடுதியில் இடம் கொடுங்கள். மேசை மேல் மனு இருக்கிறது. கையெழுத்துப் போடாமல் யாரும் சாப்பிடப் போகாதீர்கள். திங்கட்கிழமை கிருஷ்ணகிரியில் கலெக்டரிடம் கொடுக்கிறோம், வரக்கூடியவர்கள் வாருங்கள்.