இந்தப் படகுத்துறையைத் தவறவிட்டால் தொலைந்தீர்கள்!

திரையில் தெரிவது வெறும் சரளைக்கல் சரிவு. லாரி பின்பக்கமாக இறங்கி வந்து ரப்பர் படகுகளை ஏற்றிக்கொண்டு போகும். பெயர் பியர்ஸ் ஃபெர்ரி. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள் கொலராடோ ஆற்றில் சுமார் 450 கிலோமீட்டர் துடுப்புப் போட்டு வருபவர்கள் இங்கே கரையேறியாக வேண்டும். ஏறாவிட்டால் என்ன ஆகும்? சொல்கிறேன், அவசரப்பட்டு வீடியோவை ஓட்டிவிடாதீர்கள்.

படகை இறக்கும் துறை லீஸ் ஃபெர்ரி. நெடுக மதில்போல் நிற்கும் பாறை இங்கே கொஞ்சம் தணிந்து ஆற்றுக்கு வழிவிடுகிறது. 1870களில் ஜான் டி. லீ ஓடம் விட்டதும் அதனால்தான். 1929இல் நவாஹோ பாலம் திறந்தது, ஓடத்துக்கு வேலை போயிற்று. வரலாறு போதும். கொளுத்தும் கோடையிலும் இந்தத் துறையில் தண்ணீர் சில்லென்று இருக்கும். மேலே கிளென் கேன்யன் அணையின் ஆழத்திலிருந்து வருகிறது.

நடுவில், பள்ளத்தாக்கின் அடியில் ஃபாண்டம் ராஞ்ச் என்ற தங்குமிடம். ஆற்றில் படகில் வராவிட்டால் கால்நடையாகவோ கோவேறு கழுதையிலோதான் போக முடியும்.

லீஸ் ஃபெர்ரியிலிருந்து 226ஆவது மைலில் டயமண்ட் கிரீக், ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம். கட்டணம் கட்டிவிட்டுத்தான் கரையேற வேண்டும். இங்கே வரும் மண்சாலை சில இடங்களில் ஓடைக்குள்ளேயே ஓடுகிறது. மேலே மழை கொட்டினால் சாலை காணாமல் போய்விடும்!

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. பயணிகளின் மலத்தைப் பெட்டியில் அடைத்துக் கடைசித் துறை வரை கொண்டுவர வேண்டும். ஆற்றங்கரையில் விடக் கூடாது. அந்தப் பெட்டிக்குப் பெயர் 'குரூவர்'. முன்பெல்லாம் அது ராணுவத்தின் பழைய தோட்டாப் பெட்டி, இருக்கை கிடையாது. உட்கார்ந்து எழுந்தால் பின்புறத்தில் இரண்டு பள்ளக் கோடுகள், ஆங்கிலத்தில் 'குரூவ்'. பெயர் வந்த கதை அதுதான்!

சரி, பியர்ஸ் ஃபெர்ரிக்கு வருவோம். கிராண்ட் கேன்யனில் நீர் சீறும் இடங்கள் பெரும்பாலும் பக்கவாட்டு ஓடைகள் வெள்ளத்தில் உருட்டி வந்த பாறைகளால் உண்டானவை. இங்கே நீர் சீறும் இடம் அப்படியல்ல. 1930களில் ஹூவர் அணை எழுந்தது. அதன் நீர்த்தேக்கமான மீட் ஏரி இந்த இடம் வரை பின்னேறி நின்றது. ஆறு சுமந்து வந்த வண்டல் பல பத்தாண்டுகள் படிந்து பழைய ஆற்றுப்படுகையையே மூடிவிட்டது. 2000க்குப் பிறகு வறட்சி, ஏரி வற்றியது. திரும்பி வந்த ஆற்றுக்குப் பழைய வழி தெரியவில்லை! வண்டலை வேறொரு பக்கம் அறுத்துக்கொண்டு இறங்கியது. அடியில் கெட்டிப் பாறை. அதன் மேல் விழுந்து கொந்தளிக்கிறது. துறைக்குச் சற்றுக் கீழேதான் இது. களைத்த கையோடு வருபவர் ஓர் நிமிடம் அசந்தால் படகு நேராக அதற்குள் போய்விடும்.

நானாக இருந்தால் 54 மைல் முன்னாலேயே, டயமண்ட் கிரீக்கில் காசைக் கட்டிவிட்டுக் கரையேறிவிடுவேன். கோழை என்பவர்கள் கருத்துப் பகுதியில் தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் பியர்ஸ் ஃபெர்ரி வரை குரூவரைச் சுமக்கப் போவது யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.