அரங்குவீட்டில் ஒரு கைப்பிடி அரிசி

நடுவர் ஐயாவுக்கும், கோயில் விருந்தான அசனப் பந்திக்குக் காத்திருக்கும் ஊர் ஜனங்களுக்கும் ஸ்தோத்திரம்.

ஜெபமும் தர்மமும் பக்தியும் வளர்வது ஆலயத்திலா, அடுப்பங்கரையிலா என்பதுதான் தலைப்பு. "ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்காவிட்டால் வேதத்தையே மறந்திருப்போம்" என்றார் எதிரணித் தம்பி. மணியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மத்தேயு 6ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லி, மூன்றையும் அந்தரங்கத்தில் செய் என்கிறார் ஆண்டவர். ஜெபிக்க அவர் காட்டும் இடம் அறைவீடு. கிரேக்க மூலத்தில் அது 'தமெயோன்'. காகங்களுக்குப் பண்டசாலை இல்லை என்று லூக்கா 12இல் வருகிறதே, அங்கேயும் இதே சொல்தான். தானியம் வைக்கிற உள்ளறை. நம்ம பக்கத்துப் பேச்சில் சொன்னால், அரங்குவீடு!

எங்கள் அரங்குவீட்டில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கலயம் இருக்கும். அம்மா பீடி சுற்றித்தான் எங்களை வளர்த்தாள். உலை வைக்கும் முன் உழக்கில் அரிசி அளப்பாள். அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி, கண்ணை மூடி யாராவது ஒருவர் பேரைச் சொல்லிக் கலயத்தில் போடுவாள். காய்ச்சலில் கிடக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளை, பம்பாய்க்குப் போய்க் கடுதாசி போடாத மாமா, இப்படி. அவளுக்கு ஜெபம் வேறு, காணிக்கை வேறு இல்லை. மழையில் இலை நமத்து வேலை நின்ற வாரம், "நமக்கே இல்லையேம்மா" என்று அழுதேன். "அதனாலதான் பிடி சின்னதா இருக்கு" என்றாள். அன்றும் போட்டாள்.

ஞாயிறன்று அந்த அரிசி கோயிலுக்குப் போகும். ஏலம் விட்டு, வருகிற பணம் ஊழியத்துக்கு. கோயில் பெற்றுக்கொள்கிறது, சரி. ஆறு நாளும் சேர்த்தது யார்? 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கினார்கள். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல், நம் ஜனங்களின் காணிக்கையை நம்பித்தான் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு ஆள் அனுப்பினார்கள். அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் எத்தனை அடுப்பங்கரை இருந்திருக்கும், ஐயா!

அம்மா இப்போது இல்லை. கலயம் என்னிடம் இருக்கிறது. இன்று காலை எதிரணித் தம்பியின் தாயார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அந்த அம்மா பேரைச் சொல்லி ஒரு கைப்பிடி போட்டுவிட்டுத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.