ஃபாதர் நைட் சீ கோ

வணக்கம். வெள்ளவத்தையில ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அதுவும் ரியூசன் விடுற நேரத்தில, இவ்வளவு அம்மாமார் அப்பாமார் வந்திருக்கிறீங்கள், பின்னுக்கு இளம் ரீச்சர்மாரும் நிக்கிறீங்கள், பெரிய சந்தோசம். இங்கிலீஷ் படிப்பிக்கிறதைப் பற்றிக் கதைக்கச் சொன்னவை. ஒரு கொப்பியில இருந்து தொடங்குறன்.

முகத்துவாரத்தில இருந்து வந்து படிச்ச பிள்ளை, பத்தாம் வகுப்பு. "நான் போன சுற்றுலா" எண்டு கட்டுரை குடுத்தனான். முழு வகுப்பும் சிகிரியாவுக்குப் போயிட்டுது, ஒரே பஸ்ஸில, ஒரே முதல் வசனத்தோட! ஆரோ ரியூசனில குடுத்த நோட்ஸ். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, சிகிரியாவுக்குப் போனனியா அம்மா எண்டு கேட்டன். இல்லை ரீச்சர், கொழும்பை விட்டே போகேல்லை எண்டாள். சரி, மாக்ஸ் இல்லை, பிழை வரட்டும், இரவில உங்கட வீட்டில என்ன நடக்கும், அதை மூண்டு வசனம் இங்கிலீஷில எழுது எண்டன். கனநேரம் பேனையைக் கடிச்சுக்கொண்டு இருந்திட்டு எழுதினாள்: "ஃபாதர் நைட் சீ கோ. மதர் நோ ஸ்லீப். ஐ சீ மதர்."

நான் இத்தனை வருசத்தில திருத்தின கட்டுரையளுக்குள்ள நல்லாத் தொடங்கின கட்டுரை அதுதான். அதில ஒரு வீடு இருக்கு, கடலுக்குப் போன ஒரு ஆள் இருக்கிறார், படுக்காம இருக்கிற ஒரு மனுசி இருக்கிறா, அதைப் பாத்துக்கொண்டு படுத்திருக்கிற ஒரு பிள்ளை இருக்கு. சிகிரியாக் கட்டுரையில பிழை ஒண்டும் இல்லை, ஆக்களும் ஒருத்தரும் இல்லை.

இப்ப கிராமருக்கு வருவம். இளம் ரீச்சர்மார் கொஞ்சம் வடிவாக் கேளுங்கோ. அந்த முதல் வசனத்தைத் தமிழில சொல்லிப் பாருங்கோ, "அப்பா இரவு கடலுக்குப் போவார்." பிள்ளை தமிழ் இலக்கணத்தில ஒரு பிழையும் விடேல்லை, எழுவாய் முன்னுக்கு, வினை கடைசியில, நாங்கள் கதைக்கிற ஒழுங்கிலயே வைச்சிருக்கிறாள். அதில சிவப்புப் பேனையால குறுக்குக் கோடு போட்டா, தான் நினைச்சதே பிழை எண்டுதான் அவளுக்கு விளங்கும். நான் சொன்னது, மகள், உன்ர சொல்லெல்லாம் சரி, இங்கிலீஷில வினை ஆளுக்குப் பக்கத்தில வந்து நிக்கோணும், கூட்டிக்கொண்டு வந்து விடு. கோ எழும்பி ஃபாதருக்குப் பக்கத்தில வந்தது. பிறகு கோவைக் கோஸ் ஆக்கிற அந்த எஸ். போறன், போறாய், போறார் எண்டு தமிழில வினை ஆளைப் பாத்து வாலை மாத்தும். பழைய இங்கிலீஷிலயும் அப்பிடிப் பல வால் இருந்தது, காலப்போக்கில உதிர்ந்து போய், இப்பத்தைய நிகழ்காலத்தில மிஞ்சினது ஹி, ஷி, இட்டுக்கு வாற எஸ் ஒண்டுதான். இதைச் சொன்னா பிள்ளையள் அந்த எஸ்ஸை மறக்கிறது குறையும், பாவம் மிஞ்சி நிக்குது எண்டு கவனமாப் போடுவினம்.

எங்கட பள்ளிக்கூடங்களில மூண்டாம் பாடம் தமிழ், நாலாம் பாடம் இங்கிலீஷ். மூண்டாம் பாடத்தில பெயரெச்சம் படிக்கிற பிள்ளை, மணி அடிச்ச உடனே அதைக் கொப்பிக்குள்ள வைச்சு மூடிப்போட்டு, நாலாம் பாடத்தில "ஹூ" போட்டு வசனம் சேர்க்கிறதைப் புதுசாப் படிக்குது. "கடலுக்குப் போன அப்பா" எண்டதைத் திருப்பி வைச்சா "த ஃபாதர் ஹூ வென்ட் டு த சீ", தமிழில முன்னுக்கு நிண்டது அங்க பின்னுக்குப் போகுது, அவ்வளவுதான். எ, த எண்ட ரெண்டும் எங்கட பிள்ளையளுக்குப் பெரிய தலையிடி, தமிழில அது இல்லை எண்டு நாங்களும் சொல்லிப்போடுறம். "புத்தகம் வாங்கினன்" எண்டு நான் சொன்னா நீங்கள் என்ன புத்தகம் எண்டு கேப்பியள். "புத்தகத்தை வாங்கினன்" எண்டா, எந்தப் புத்தகம் எண்டு உங்களுக்கு முதலே தெரியும். முந்தினது எ புக், பிந்தினது த புக். எல்லா இடத்திலயும் இந்தக் கணக்கு ஓடாது, எழுவாயில அந்த ஐ உருபு வராது, பேரோட வாற ஐக்கு இங்கிலீஷில த போடவும் ஏலாது, ஆனா பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தன்ர வாயிலயே இருக்கு எண்டு தெரிஞ்சா பயம் பாதி போயிடும்.

பயம் எண்டதைச் சும்மா சொல்லேல்லை. கம்பஸில சிங்களப் பிள்ளையள் இங்கிலீஷை "கடுவ" எண்டு சொல்லுவினம், வாள் எண்டு அர்த்தம். வெட்டிப்போடும் எண்ட பயம்தானே அந்தப் பேர், எங்கட பிள்ளையளுக்கும் அதே பயம், பேர்தான் வைக்கேல்லை. புறக்கோட்டைக்குப் போற நூறாம் நம்பர் பஸ்ஸில ரெண்டு பக்கமும் இங்கிலீஷ் போர்ட்டை வாசிச்சுக்கொண்டு வாற பிள்ளை, வகுப்புக்குள்ள வந்தா ஊமையாகுது.

இலக்கியத்துக்கும் இதுதான். டெனிசன் எழுதின கழுகுக் கவிதை, ஆறே ஆறு வரி. "ஹி கிளாஸ்ப்ஸ் த கிராக் வித் குரூக்கட் ஹேண்ட்ஸ்" எண்டு தொடங்கும், வளைஞ்ச கையால பாறையைப் பிடிச்சிருக்கிறான் எண்டு. நோட்ஸில பேர்சொனிஃபிகேஷன், கழுகை ஆளாக்கிச் சொல்லுறது, எண்டு இருக்கும், பிள்ளையும் பாடமாக்கும். நான் நோட்ஸை மூடச் சொல்லிப்போட்டு நாலு தரம் சத்தமா வாசிப்பிச்சன். ஒரு பெடியன் எழும்பி, ரீச்சர், கழுகுக்கு எங்கால கை எண்டான். அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்துக்கொண்டு நிண்டனான்! கால் எண்டு சொல்லாமல் கை எண்டு ஏன் போட்டார் எண்டு அரை மணித்தியாலம் கதைச்சம். இன்னொரு பிள்ளை, முன்னுக்கு எல்லாம் க, க எண்டு வருது, மோனை மாதிரி எண்டாள். மாதிரி என்ன, மோனைதான். பாறையைப் பிடிக்கிற சத்தம் வாயிலயே வருது.

பிறகு குறுந்தொகையில நாற்பதாம் பாட்டு, "யாயும் ஞாயும்", அதை ஏ. கே. ராமானுஜன் 1967இல வந்த தன்ர புத்தகத்தில இங்கிலீஷில தந்திருக்கிறார். ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் படிப்பியுங்கோ. செம்மண்ணில மழை விழுந்து கலக்கிறதைத் தங்கட பாட்டு இங்கிலீஷில சொல்லுது எண்டு கண்ட பிள்ளையள் அண்டைக்கு நிமிர்ந்து இருந்த விதம் எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

ஓ.எல். சோதினைப் பேப்பர் இருக்கு, நோட்டீஸ், கடிதம், கிராப், கட்டுரை எல்லாம் கேப்பாங்கள், அதுக்கும் பழக்கத்தான் வேணும், நான் இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனா கடைசி மூண்டு மாசத்தில செய்யிற வேலையை ஆறாம் வகுப்பில தொடங்காதேங்கோ.

அம்மாமாருக்கு ஒண்டு. கொப்பி வீட்டுக்கு வந்தா மாக்ஸைப் பாக்க முதல் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கோ. இங்கிலீஷ் தெரியாட்டிப் பிள்ளை தமிழில சொல்லும். முகத்துவாரத்துப் பிள்ளையின்ர அம்மாவுக்கும் இங்கிலீஷ் தெரியாது. பிள்ளை தான் எழுதினதை அவவுக்கு வாசிச்சு விளங்கப்படுத்தியிருக்கு. அவ கேட்டிட்டு, நான் சும்மா முழிச்சிருக்கிறேல்லை பிள்ளை, காத்து மாறுதோ எண்டு காது குடுத்துக்கொண்டு இருக்கிறனான் எண்டு சொன்னாவாம். அடுத்த நாள் காலமை பிள்ளை நாலாவது வசனம் ஒண்டு எழுதிக்கொண்டு வந்தாள். "ஷி லிசன்ஸ் டு த விண்ட்."

எஸ்ஸும் இருந்தது, தவும் இருந்தது, அந்த வசனத்துக்கு நான் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லை.