கொடுத்ததும் திரும்பி வந்ததும்

நேயர்களுக்கு வணக்கம்.

செய்திகளில் அடிக்கடி அடிபடும் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன்: ரெசிப்ரோகல். தமிழில் இதைப் 'பரஸ்பர' என்று எழுதுகிறோம். மியூச்சுவல் என்ற சொல்லுக்கும் அதே 'பரஸ்பர'தான். மியூச்சுவல் ஃபண்டு பரஸ்பர நிதி. ரெசிப்ரோகல் டாரிஃப் பரஸ்பர வரி. இரண்டு சொல்லும் நெருங்கிய சொந்தம்தான். ஆனால் ஒன்றில்லை.

ரெசிப்ரோகலுக்கு வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. முன்னும் பின்னுமாகப் போய்வருவது என்று பொருள். சிலிண்டருக்குள் பிஸ்டன் போய்ப் போய்த் திரும்புகிறதே, அந்த வகை இன்ஜினுக்கு ரெசிப்ரோகேட்டிங் இன்ஜின் என்றே பெயர். ஆக, இந்தச் சொல்லுக்குள் ஓர் அசைவு இருக்கிறது. ஒன்று போகிறது, அதற்குப் பதிலாக ஒன்று வருகிறது. மியூச்சுவலில் அந்தப் போக்குவரத்து தேவையில்லை. இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு மரியாதை இருந்தால் அது மியூச்சுவல். நீங்கள் படுத்திருந்தபோது நான் பார்த்துக்கொண்டேன், அப்புறம் எனக்கு ஒரு கஷ்டம் வந்தபோது நீங்கள் ஓடிவந்தீர்கள் என்றால் அது ரெசிப்ரோகல். நடுவில் சில வருடங்கள்கூடப் போயிருக்கலாம். அந்த இடைவெளிதான் இந்தச் சொல்லின் உயிர் என்பது என் எண்ணம். திரும்பி வரும் என்பதற்கு அதுவரை எந்த உத்தரவாதமும் கிடையாது, நம்பிக்கை ஒன்றுதான்.

ராபர்ட் டிரைவர்ஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1971-இல் 'ரெசிப்ரோகல் ஆல்ட்ருயிசம்' என்ற கருத்தை முன்வைத்தார். இன்று நான் உதவுகிறேன், பிறகு நீ உதவு என்ற பழக்கம் விலங்குகளிடமும் உருவாக முடியும் என்றார். இதற்குப் பெயர்போன உதாரணம் ரத்தம் குடிக்கும் வௌவால். இரண்டு மூன்று இரவு இரை கிடைக்காவிட்டால் அது செத்துப்போகும். வெறும் வயிற்றோடு திரும்பி வந்த வௌவாலுக்கு, கூடவே தங்கும் இன்னொன்று தான் குடித்த ரத்தத்தைக் கக்கி, வாயோடு வாய் வைத்து ஊட்டுகிறது. ஜெரால்டு வில்கின்சன் என்ற உயிரியலாளர் 1984-இல் இதை ஆராய்ந்து எழுதினார். உறவு இல்லாத வௌவால்களுக்கு இடையிலும் இது நடக்கிறது; முன்பு தனக்கு ஊட்டிய வௌவாலுக்கு இந்த வௌவால் பிறகு ஊட்டுகிறது.

இதே சொல்லை 2025 ஏப்ரலில் அமெரிக்க அரசு புதிய இறக்குமதி வரிகளுக்குப் பெயராக வைத்தது. நீ எவ்வளவு வரி போடுகிறாயோ அவ்வளவு நானும் போடுவேன் என்றுதானே அந்தப் பெயருக்கு அர்த்தம்? கணக்குப் போட்ட விதம் வேறு. ஒரு நாட்டோடு உள்ள வர்த்தகப் பற்றாக்குறையை, அதாவது ஏற்றுமதியைவிட இறக்குமதி எவ்வளவு அதிகமோ அந்தத் தொகையை, அந்த நாட்டிலிருந்து வரும் இறக்குமதியால் வகுத்து, வந்ததில் பாதியை வரியாக வைத்தார்கள். அந்த நாடு உண்மையில் போடும் வரி விகிதம் அந்தச் சூத்திரத்திலேயே இல்லை. பற்றாக்குறையே இல்லாத நாடுகளுக்கும் 10 சதவீதம் விழுந்தது. நல்ல சொல்லை இப்படிப் பயன்படுத்தியது எனக்கு வருத்தம்தான்.

பயன்பாட்டில் இன்னும் ஒன்று. இருவருக்கும் தெரிந்த நண்பரை மியூச்சுவல் ஃபிரண்டு என்பார்கள்; அங்கே ரெசிப்ரோகல் வராது. வினையாக வரும்போது ரெசிப்ரோகேட். ஒருவர் காட்டும் அன்பை மற்றவர் ரெசிப்ரோகேட் செய்யவில்லை என்றால், நம் அகப்பொருள் இலக்கணம் கைக்கிளை என்று சொன்ன ஒருதலைக் காதல் அது.

தமிழில் எழுதும்போது எல்லாவற்றையும் பரஸ்பரத்தில் அடைக்க வேண்டியதில்லை. உதவிக்குத் திரும்பச் செய்வதற்குக் கைம்மாறு இருக்கிறது. வரிக்குப் பதில் வரி என்றாலே புரிந்துவிடும். மரியாதை, நம்பிக்கை, சம்மதம் என்று இரு பக்கமும் சேர்ந்தே இருப்பவற்றுக்குப் பரஸ்பரத்தை வைத்துக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.