போர்க் கல்லறைத் தோட்டத்துல எல்லா கல்லும் ஏன் ஒரே சைஸ்?

[திரையில்: குமரி கடலோர ஊர் ஒன்றின் கல்லறைத் தோட்டம், நவம்பர் 2 மாலை]

வணக்கம் மக்களே. கல்லறைத் திருநாளுக்கு நம்ம கடலோர ஊரு எதுக்குள்ள போனாலும் புது பெயிண்ட் வாசமும் மெழுகுதிரியும்தான். அங்க காசுள்ள வீட்டுக் கல்லறைன்னா கிரானைட், டைல்ஸ், போட்டோ பதிச்ச கல்லு எல்லாம் இருக்கும், இல்லாத வீடுன்னா மண்ணு மேட்டுல ஒரு சிலுவை, அவ்வளவுதான். செத்த பிறகும் யாரு பெரிய ஆளுன்னு பாத்த உடனே தெரிஞ்சிரும். இதுக்கு நேர் எதிரா, வேணும்னே திட்டம் போட்டு டிசைன் பண்ணின இடம்தான் போர்க் கல்லறைத் தோட்டம்.

முதல் உலகப்போர் நடந்துட்டு இருக்கும்போதே, 1917ல, ஃபேபியன் வேர்ங்கிறவரோட முயற்சியில பிரிட்டிஷ்காரங்க இதுக்குன்னே ஒரு ஆணையம் ஆரம்பிச்சாங்க. இப்போ அதுக்குப் பேரு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். அதுக்கு முன்னாடி 1915ல ஒரு சம்பவம், முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனோட பேரன் பிரான்ஸ்ல சாகுறாரு, செல்வாக்கு இருந்ததால உடலை ஊருக்குக் கொண்டு போயிட்டாங்க. அப்போ கூலிக்காரன் மகன் செத்தா என்ன பண்ணுவான்? இந்தக் கேள்வி வந்ததும் உடலைக் கொண்டு போறதுக்கு மொத்தமா தடை. செத்த இடத்துப் பக்கத்துலயே அடக்கம், ஜெனரலா இருந்தாலும் சிப்பாயா இருந்தாலும் ஒரே கல்லு. பெத்தவங்க பலபேரு கொதிச்சுப் போய் எதிர்த்தாங்க, 1920ல பாராளுமன்றத்துலயே பெரிய விவாதம் நடந்துச்சு, ஆனா முடிவு மாறல. என்னைக் கேட்டா அந்தப் பெத்தவங்க கோவமும் நியாயம்தான், பிள்ளையோட குழி எப்படி இருக்கணும்னு அரசாங்கம் சொன்னா யாருக்குத்தான் வலிக்காது?

[திரையில்: ஒரு கல், அருகில்]

இப்போ கல்லைப் பாருங்க. உயரம் 81 சென்டிமீட்டர், அகலம் 38. மேல ரெஜிமெண்ட் சின்னம், அப்புறம் நம்பர், பதவி, பேரு, இறந்த தேதி, அதுக்குக் கீழ அவரோட மதத்தோட அடையாளம். உச்சி லேசா வளைஞ்சிருக்கும், மழைத்தண்ணி தேங்காம வழிஞ்சு போயிரும். நிறைய இடத்துல போட்டது போர்ட்லண்ட் கல்லு, ஒரு வகை சுண்ணாம்புக்கல். நம்ம மயிலாடி சிற்பிங்க கொத்துற கருங்கல்லு மாதிரி இல்ல, செதுக்க லேசு, ஆனா மழையில எழுத்து தேஞ்சு தேஞ்சு போவும், அதனால ஆணையம் பழைய கல்லை மாத்திக்கிட்டே இருக்கு. வரிசை நூல் பிடிச்ச மாதிரி நிக்குறதுக்குக் காரணம் மண்ணுக்குள்ள ஓடுற கான்கிரீட் பீம், பெரும்பாலும் அதுலதான் கல்லை நட்டு வச்சிருப்பாங்க.

கல்லோட அடியில குடும்பத்துக்காரங்க ஒரு வரி எழுதலாம், 66 எழுத்துக்குள்ள. எழுத்துக்கு மூணரை பென்ஸ்னு காசு கேட்டாங்க, எல்லாரும் சமம்னு சொல்லிட்டு எழுத்துக்குக் காசா! நியூசிலாந்து அரசாங்கம் இந்தக் காரணத்துக்காகவே எங்க ஆளுங்களுக்கு அந்த வரியே வேண்டாம்னு சொல்லிருச்சு. அப்புறம் விருப்பப்பட்டா குடுங்கன்னு மாத்தினாங்க.

முன்னாடி இருக்கிற செடியும் சும்மா அழகுக்கு இல்ல. கல்லோட காலடியில குட்டைச் செடியா நட்டிருப்பாங்க, ஏன்னா வெறும் மண்ணா இருந்தா மழை அடிக்கும்போது சேறு தெறிச்சு பேரு மேல அப்பிரும். நம்ம ஊரு ஜூன் மாச மழையைப் பாத்தவங்களுக்கு இது விளக்கவே வேண்டாம். இந்தச் செடி விஷயத்துக்கு லண்டன் கியூ தோட்டத்து நிபுணரையே பிடிச்சிருக்காங்க.

டிசைன் பண்ணின முக்கியமான ஆர்க்கிடெக்ட் மூணு பேரு, லட்யன்ஸ், ஹெர்பர்ட் பேக்கர், ப்ளோம்ஃபீல்ட். முதல் ரெண்டு பேரு நியூ டெல்லியைக் கட்டினவங்க, இந்தியா கேட்டும் லட்யன்ஸ் டிசைன்தான், அதுவும் இந்த ஆணையத்தோட போர் நினைவுச் சின்னம்தான். ப்ளோம்ஃபீல்ட் பண்ணினது வெண்கல வாள் பதிச்ச உயரமான சிலுவை, பொதுவா 40 கல்லறைக்கு மேல இருந்தா அது வரும். லட்யன்ஸுக்கு எந்த மதத்தோட அடையாளமும் வேண்டாம், எல்லாருக்கும் பொதுவா ஒரு பெரிய கல்லு போதும்னு எண்ணம். ஏறக்குறைய மூணரை மீட்டர் நீளம், பாத்தா சாதாரண மேடை, ஆனா அதுல நேர்கோடே கிடையாது, எல்லா பக்கமும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைவு. அதுல வர்ற வாசகத்தைத் தேர்ந்து குடுத்தவரு இங்கிலீஷ் எழுத்தாளர் கிப்ளிங், பேரு தெரியாத உடலுக்கு ‘இறைவனுக்குத் தெரிந்தவர்’னு வர்ற வரியும் அவரு குடுத்ததுதான். அவரோட மகன் 18 வயசுல, 1915ல பிரான்ஸ்ல நடந்த லூஸ் சண்டையில போயிட்டான், கிப்ளிங் சாகுற வரைக்கும் உடல் எங்கன்னே தெரியல.

[திரையில்: நவ் ஷபேல், பிரான்ஸ்]

நம்ம ஆளுங்களுக்கு? பிரான்ஸ்ல நவ் ஷபேல்ல 1927ல பேக்கர் கட்டின இந்திய நினைவிடம் இருக்கு, சிலுவை கிடையாது, அசோகர் தூண் பாணியில உயரமான தூணு, தாமரை, ரெண்டு பக்கமும் புலி, 4,700 பேருக்கு மேல பேரு. நாகாலாந்து கோஹிமாவுல மலைச்சரிவை படிப்படியா வெட்டி கல்லறைத் தோட்டம், உச்சியில தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனி நினைவிடம். தமிழ்நாட்டுல பாக்கணும்னா சென்னை நந்தம்பாக்கம். பராமரிக்க வழியில்லாத பல ஊரு கல்லறைகள்ல இருந்து எடுத்து 1952ல ஒரே இடமா சேத்தாங்க, 850க்கு மேல கல்லறை.

ஆனா எல்லாருக்கும் ஒரே மரியாதைங்கிறது முழு உண்மை இல்ல. 2021ல ஆணையமே ஒரு அறிக்கை விட்டு மன்னிப்பு கேட்டுச்சு, ஆப்பிரிக்கா, மெசபடோமியா (இப்போ ஈராக்) பக்கம் செத்தவங்கள்ல குறைஞ்சது 1,16,000 பேருக்கு பேரே பதியாம விட்டிருக்காங்க, பெரும்பாலும் ஆப்பிரிக்கா, மத்திய கிழக்கு ஆளுங்க.

நம்ம ஊரும் லேசுப்பட்டதில்ல. புலியூர்க்குறிச்சி உதயகிரி கோட்டைக்குள்ள கூரை போன தேவாலயத்துல டச்சுக் கேப்டன் டி லனாய் கல்லறை இருக்கு, 1777ல இறந்தவரு, லத்தீன்லயும் தமிழ்லயும் எழுத்து வெட்டியிருக்கு. அவரைச் சிறை பிடிச்ச 1741 குளச்சல் போருக்கு கடற்கரைப் பக்கம் வெற்றித்தூணும் நிக்குது. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவுக்காக அந்தப் போர்ல செத்த சாதாரண ஆளுங்களுக்கு? ஒரு பேரு கூட இல்ல. தோத்துப் போன கேப்டனுக்குக் கல்லறை இருக்கு, ஜெயிச்ச சிப்பாய்க்கு இல்ல!

உங்க வீட்டு தாத்தாவோ பூட்டனோ உலகப்போருக்குப் போய் திரும்பாம இருந்தா, ஆணையத்தோட வெப்சைட்ல பேரைப் போட்டு இலவசமா தேடலாம். ஆங்கில ஸ்பெல்லிங் கன்னாபின்னான்னு இருக்கும், நாலஞ்சு விதமா போட்டுப் பாருங்க, 1956 வரைக்கும் நம்ம பக்கம் தமிழ்நாட்டுல இல்லங்கிறதால மெட்ராஸ்னு தேடாம திருவிதாங்கூர்னு தேடுங்க. கிடைச்சா கமெண்ட்ல சொல்லுங்க.